மோட்டார் ப்ரோ

கூட வேலை பார்த்த அக்காவிடம் மட்டும் 'ரெண்டும் நல்லாத்தான் இருக்குது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் புரியாது. நாங்கள் யார் மனதையும் முகத்துக்கு நேராக நோகடிக்க மாட்டோம். அத்தை வீட்டு மைசூர்பாகும் நல்லாருக்குதுங்க, பெரியம்மா வீட்டு மைசூர்பாகும் நல்லாருக்குதுங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, எது பல்லை உடைத்தது என்பதை எங்கள் வீட்டுக்கு வந்துதான் பேசுவோம்.

அக்கா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "ரெண்டும் நல்லாருக்குதுன்னா நீ ரெண்டையும் கேக்கலைன்னு அர்த்தம் அம்மணி. கேட்டுப்போட்டுச் சொல்லு" என்பார். கேட்கச் சொன்னது கேங்ஸ்டா ராப், அமெரிக்காவின் ரவுடிப் பாட்டு.

காரமடை தாண்டி இருந்த ஒரு பம்ப் கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். அவர் ஸ்டோர்ஸ், நான் டெஸ்பாட்ச். கம்பெனி வேன் துடியலூரில் என்னை ஏற்றிக்கொள்ளும், பெரியநாயக்கன்பாளையத்தில் அவரை. ஐம்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத காட்டன் சேலை, நெற்றியில் திருநீறு, மடியில் சாப்பாட்டுப் பை. நான் வேனில் ஏறியதும் தூங்குகிற ஜாதி. ஒருநாள் என் பக்கத்தில்தான் அவருக்கு இடம் இருந்தது. அரைத்தூக்கத்தில் துப்பாக்கி வெடித்தது. போலீஸ் சைரன் ஊளையிட்டது. ஒருவன் என் ஏழு தலைமுறையையும் இங்கிலீஷில் திட்டினான். பதறி எழுந்து பார்த்தால், அக்காவின் காதிலிருந்து இயர்போன் கழன்று சேலையில் விழுந்திருந்தது.

"என்னங்கக்கா கேக்கறீங்க?"

"கேங்ஸ்டா ராப்புங்க" என்றார், சாமி பாட்டுங்க என்று சொல்வது போல. "தூக்கத்தைக் கெடுத்துப்போட்டனா? நீங்களும் ஒரு காதுல வெச்சுக்கறீங்களா?"

வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது, 'ங்க' போட்டுக் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. அன்றிலிருந்து ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே கொஞ்சம் மிதந்துகொண்டு தெரிகிறது. மேற்கே மலை, அதன் தலையில் பாதி நாள் இறங்காத மேகம், வேன் ஜன்னலில் ஓடும் தென்னைகள். காதுக்குள் எவனோ ஒருவன் அமெரிக்காவில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு, தன் தெருவில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்லிக்கொண்டு போவான். அது ஒரு பாட்டு. பின்னால் கீபோர்டு மெல்லிசாக விசில் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு நான் வெயில் பாட்டு என்று பேர் வைத்திருந்தேன். இன்னொன்று பனிப் பாட்டு. பியானோவில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். உயரமான அடுக்குமாடிப் படிக்கட்டில் ஒருவன் ஏறிக்கொண்டே இருப்பான், ஒவ்வொரு மாடியிலும் ஏதாவது ஒன்று உடையும். வெயில் பாட்டு அந்த நாட்டின் மேற்குக் கரை, பனிப் பாட்டு கிழக்குக் கரை. இரண்டுமே நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே பழசாகிப்போன பாட்டுகள். ஒரு காலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வெட்டுக்குத்தே நடந்ததாம். அக்கா சொன்னார்.

"என்ன இருந்தாலும் மேக்காலதானுங்க. பனிப் பாட்டுல மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, தண்ணி வர்ற சத்தம் கேக்குதா? வெயில் பாட்டுல தண்ணி வருது."

பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் காது அது.

இந்த வயதில் இந்தப் பாட்டு எப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒரே மகன். காலேஜில் படிக்கும்போது பொழுதன்னைக்கும் இதையேதான் வீடு அதிரப் போடுவானாம். அக்கா மாவாட்டிக்கொண்டே சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துவார். "கேட்டுப்போட்டுத் திட்டும்மா" என்பானாம் அவன். திட்டுவதற்காகக் கேட்க ஆரம்பித்து, எந்த இடத்தில் எவன் மூச்சு வாங்குகிறான் என்பது வரைக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் அம்மாவும் மகனும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எது உசத்தி என்று சண்டை. வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து வந்து, இரண்டு பைத்தியமும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பவானிக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் அக்காவைக் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினார். போன் பண்ணக் கூடாது. அந்த ஊட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அங்கே கை நனைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைக்கவில்லை என்றால், அதாவது பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்றால், அந்த வீடே நமக்கு இல்லை என்று அர்த்தம். அவரும் அடித்தார், அக்காவும் அடித்தார். "மீறுனா நீயும் அங்கியே இருந்துக்க" என்று வேறு சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

"அப்பறம் எப்பிடீங்கக்கா இருக்கறீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா கள்ளச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "கமெண்ட் போட மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலீங்களே!"

விஷயம் இதுதான். மகன் ஒரு வீடியோ சேனல் நடத்தினான். முகம் காட்ட மாட்டான், குரல் மட்டும். பெற்றவளுக்கு அது போதாதா. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒரு வீடியோ. இரண்டு பழைய கேங்ஸ்டா ராப் பாட்டுகளை எடுத்து, பீட் எதில் கெத்து, வரி எதில் கெத்து என்று பிரித்து மேய்ந்து, 'எது பெஸ்ட், கமெண்ட்ல சண்டை போடுங்க' என்று முடிப்பான். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சண்டை மட்டும் ஊர்ப்பட்டது. அதில் 'மோட்டார் ரூம்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது எங்கள் அக்கா. எல்லோரும் மோட்டார் ப்ரோ, மோட்டார் ப்ரோ என்று கூப்பிடுவார்கள். மகனும்தான். 'மோட்டார் ப்ரோ, போன வாரம் நீங்க சொன்னது சுத்தத் தப்பு' என்று அவன் வீடியோவிலேயே சொன்ன அன்றைக்கு, அக்கா வேன் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். ஏன் என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இங்கிலீஷ் வரிகளை போனில் தேடி எடுத்து அர்த்தம் சொல்வது. ஐயோ சாமி, அந்தப் பாவத்தை எந்தக் காவிரியில் போய்க் கழுவ!

"இந்த எடத்துல அவரு என்னங்க சொல்றாரு?"

"அக்கா, அது கெட்ட வார்த்தைங்க."

"அது தெரியுது. எந்தக் கெட்ட வார்த்தைங்க? தெரிஞ்சாத்தான பையங்கிட்டச் சண்டை போட முடியும்."

முன் சீட்டில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்க்க, நான் அக்காவின் காதில் ரகசியமாக மொழிபெயர்ப்பேன். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வார். "பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ" என்பார். சுட்டவரும் அவருக்கு 'அவரு'தான், சுடப்பட்டவரும் 'அவரு'தான். கொலை, கொள்ளை, ஜெயில் எல்லாவற்றையும் எங்கள் ஊர் மரியாதை குறையாமல் எழுதுவார். 'அவரு அந்தத் தெருவுல நாலு பேரைப் போட்டுத் தள்ளிப்போட்டு வந்து நிக்கறாருங்க, அந்த எடத்துல டிரம்மு அமைதியாகோணும், ஆகலீங்க' என்று ஒரு கமெண்ட். எவனோ ஒரு பையன் அதற்குக் கீழே அசிங்கமாகத் திட்டியிருந்தான். அக்கா நிதானமாகப் பதில் போட்டார்: 'இப்பிடிப் பேசறது உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க தம்பி. பாட்டைப் பத்திப் பேசுங்க.' அடுத்த ஞாயிறு மகன் அதைப் படித்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் காதில் வெயில் பாட்டும் இல்லை, பனிப் பாட்டும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

ஆனால் போகப் போக எனக்கு ஒரு மாதிரி ஆனது. அக்கா தோற்கவே மாட்டேன் என்றார். தவறு என்று அவருக்கே தெரிகிற இடத்திலும் விடவில்லை. மகன் பத்து வரியில் ஆதாரம் காட்டினால் இவர் பதினோராவது வரிக்குத் தாவுவார். ஒரு தடவை அவன் பனிப் பாட்டைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தான், எனக்கே புல்லரித்துப்போனது. ஒவ்வொரு மாடியிலும் ஏதோ உடைகிறது, ஆனால் ஏறுகிறவன் நிற்பதில்லை, ஏன் என்றால் கீழே திரும்பிப் போக அவனுக்கு வீடு இல்லை என்று. அக்கா அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, 'அதெல்லாம் செரீங்க, ஆனாலும் வெயில் பாட்டுதான்' என்று அடித்தார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏனுங்கக்கா, அழுத கண்ணு இன்னும் காயலை. அவன் சொன்னது செரின்னு ஒருக்கா ஒத்துக்கிட்டாத்தான் என்னங்க?"

"ஒத்துக்கிட்டா அப்பறம் அவன் எதுக்கு அம்மணி எங்கிட்டப் பேசறான்?"

அப்புறம் அந்த விஷயத்தில் நான் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. அந்த வார வீடியோவில் மகனின் குரல் கட்டிக்கொண்டு கரகரவென்று இருந்தது. நடுவில் இருமினான். திங்கட்கிழமை வேனில் ஏறும்போதே அக்காவின் முகம் செத்துப் போயிருந்தது. போனை என் மடியில் போட்டார். மோட்டார் ரூம் எழுதியிருந்தது இது: 'மொதல்ல சுக்குத் தண்ணி வெச்சுக் குடி கண்ணு. பாட்டுச் சண்டை எங்கியும் போயிராது.'

கேங்ஸ்டா ராப் கேட்கிற எந்த ப்ரோ இன்னொரு ப்ரோவைக் கண்ணு என்பான்? சுக்குத் தண்ணி வைக்கச் சொல்வான்?

"கை தானா அடிச்சுப்போடுச்சு அம்மணி. அனுப்பிப்போட்டுத்தான் பாத்தேன். அழிக்கறக்குள்ள அவன் பாத்துட்டான்."

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு வீடியோ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவனுக்குக் கோபம்தான் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார். அம்மாவாக ஒரு போன் பண்ண வக்கில்லாதவள், யாரோ மாதிரி ஒளிந்திருந்து பேசினாளே என்று நினைத்திருப்பான். நினைக்கத்தானே செய்வான். வேனில் இயர்போனைக் காதில் வைத்துக்கொள்வார், ஒன்றும் ஓடாது. நானும் ஒரு காதில் வைத்துக்கொள்வேன். கண்ணாடியில் தண்ணீர் வழிய, மலை இருந்த இடமே தெரியாமல், எங்கே போகிறோம் என்றே தெரியாதது போல இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். ஸ்டோர்ஸில் பேரிங் கேட்டவருக்கு வாஷர் எடுத்துக் கொடுத்தார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரர் மேல் வந்த ஆத்திரத்துக்கு, அவர் பட்டறை வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு வீடியோ வந்தது. திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டோம். குரல் தெளிந்திருந்தது. பாட்டு எதுவும் போடவில்லை. 'இந்த வாரம் கம்பேரிசன் இல்லை. மோட்டார் ப்ரோகூட மட்டும் ஒரு பாக்கி இருக்குது. ப்ரோ, வெயிலா பனியான்னு கமெண்ட்ல சண்டை போட்டு எனக்குப் பத்தலீங்க. ஒருநாள் நேர்ல வாங்க. மத்தியானச் சாப்பாடு எங்க ஊட்லதான்.' அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அன்று மதியமே மோட்டார் ரூமுக்குத் தனியாக விலாசமும் வந்துவிட்டது.

நான் துள்ளிவிட்டேன். எனக்கு ஒரு வழியும் தோன்றியது. "அக்கா, சத்தியம் பண்ணுனது அம்மா. அவன் கூப்பிட்டது மோட்டார் ரூமை. நீங்க பாட்டுக்குப் போய்ட்டு வரலாமுங்க!"

அவர் சிரிக்கவில்லை. "இல்ல அம்மணி. போனா அம்மாவாத்தான் போகோணும். திரும்பி வந்து அவருகிட்டச் சொல்லோணும். அவரு ஊட்டை உட்டுத் தொரத்துனா போகோணும். அதுக்குத் துணிஞ்சாத்தான் போறதே." கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் வாரியா? பஸ்ஸுல தனியாப் போனா பாதியிலயே எறங்கிருவேன்" என்றார்.

பவானி கூடுதுறைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். கூடுதுறையிலும் இறங்கினோம். இரண்டு ஆறும் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தன. சத்தியத்தை மீறப் போகிறேன், கோபம் இருந்தால் என்மேல் காட்டு, பையன் மேல் காட்டாதே என்று சாமியிடம் வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜமக்காளத் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் வீடு. மகன்தான் கதவைத் திறந்தான். நான் நினைத்ததைவிட ஒல்லி. "வாங்க மோட்டார் ப்ரோ" என்று வழி விட்டான். அக்கா கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒடையற சத்தம் அஞ்சு மாடிக்கும் ஒரே மாதிரி இருக்குது, அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டார்.

பிறகென்ன! உட்காரக்கூட இல்லை. ஸ்பீக்கரில் இரண்டு பாட்டும் மாறி மாறி அலறின. அவன் கையை ஆட்டிப் பேச, இவர் முந்தானையைச் செருகிக்கொண்டு பேச, நானும் அவன் மனைவியும் சமையற்கட்டு நிலையில் நின்று வேடிக்கை பார்த்தோம். மருமகள் பயந்துபோயிருந்தாள். "சாப்பிடுவாங்களாக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "தெரியலைங்க" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வந்தது வேறு, கை நனைப்பது வேறு. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வைத்திருந்தாள், அது அப்படியே இருந்தது.

பனிப் பாட்டு நாலாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"செரி உடு. உன்ற பாட்டுதான் நல்ல பாட்டு. நான் தோத்துட்டேன்."

அவன் திகைத்துப் போனான். "என்னம்மா, பொசுக்குனு ஒத்துக்கிட்டே? இன்னும் மூணாவது வெர்ஸே வரலை!"

"எத்தனை நாளைக்குடா சண்டை போட்டுட்டே இருக்கறது? பசிக்குது. சோத்தைப் போடச் சொல்லு."

அப்போதுதான் அவன் அழுதான். பெரிய ஆம்பிளை, ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன், மருமகளும் அழுதாள். அக்கா மட்டும் அழாமல் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மருமகள் குழம்பு ஊற்றினாள். முதல் வாய் உள்ளே போனபோது நான் மூச்சை விட்டேன். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். "நல்லா வெச்சிருக்கறே அம்மணி, உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில்தான் அவருக்குப் பயம் வந்தது. பஸ் மெயின் ரோட்டில் ஏறியிருந்தது, இரண்டு பக்கமும் மஞ்சள் விளையும் காடுகள் ஓடிக்கொண்டிருந்தன. தூங்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் ஆளுக்கு ஒரு காதாக எதையோ கேட்டுக்கொண்டு வந்தோம். பெருந்துறை தாண்டியதும் பாட்டு நின்று போன் அடித்தது. வீட்டுக்காரர். இயர்போனைக் கழற்றப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார். அதனால் எனக்கும் கேட்டது.

"எங்க வந்துட்டு இருக்கறே?"

"பெருந்துறை தாண்டிட்டனுங்க."

"மத்தியானம் ஓட்டல்லயா சாப்பிட்டே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "இல்லீங்க. என்ற பையன் ஊட்டுல சாப்பிட்டனுங்க."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பட்டறைச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அவர் தனியாகத்தானே இருப்பார். போன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்காவின் பிடி என் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே போனது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துத் தள்ளிப் போனார். பிறகு வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்ன கொழம்பு வெச்சிருந்தாங்க?"

அக்கா சொல்ல ஆரம்பித்தார். அவிநாசி வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.